வங்கி எழுத்தர் தேர்வின் ஆங்கிலப் பகுதி: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி எழுத்தர் தேர்வில் கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. கணக்கில் வெளுத்து வாங்கிவிட்டு ஆங்கிலத்தில் கட்-ஆஃப் (எடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்) தாண்டாமல் நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல, தலைகீழாகப் படித்தவர்கள். முதலில் சொற்பட்டியல், அப்புறம் இலக்கணப் புத்தகம், கடைசி மாதத்தில் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு), நேரம் மிஞ்சினால் வாசிப்பு. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தினமும் ஒன்றரை மணி நேரம், நான்கு மாதம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றாலும் வரிசையை மாற்றாதீர்கள். அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

தேர்வு இரண்டு கட்டம்: முதலில் முதல்நிலை, அதில் தேறியவர்களுக்குப் பிரதானத் தேர்வு. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மதிப்பெண், 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 விநாடி. இந்த 20 நிமிடம் ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியது. சீக்கிரம் முடித்தாலும் மிச்ச நேரத்தைக் கணக்குக்குக் கொண்டுபோக முடியாது.

ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ‘ஆங்கிலத்தில் விட்டதை ரீசனிங்கில் பிடித்துவிடலாம்’ என்பது இங்கே நடக்காது. அதே சமயம், முதல்நிலை மதிப்பெண் இறுதித் தரவரிசையில் சேராது. ஆகவே இலக்கு 30-க்கு 30 அல்ல. கட்-ஆஃபைப் பாதுகாப்பாகத் தாண்டுவதும், மொத்தத்துக்கு உதவும் அளவு எடுப்பதும்தான்.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், 10 கேள்விக்குச் சராசரியாக 2 சரி, 8 தவறு. வந்த 2 மதிப்பெண்ணும் கழிந்து பூஜ்யம். ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு, மிச்சம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் 9 கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் நிற்கும். மூன்றை நீக்கி இரண்டில் ஒன்று என்றால் 8 கேள்விக்கு 3 மதிப்பெண்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: இரண்டு விடைகளையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் தொடுங்கள்; முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த விதி எல்லாத் தேர்வுக்கும் பொருந்தாது. மத்திய அரசுப் பணிகளுக்குப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் சிஜிஎல் முதல்நிலையில் நான்கு விடைகள், சரிக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை. அங்கே குருட்டாம்போக்கில் தொட்டாலும் சிறு லாபம் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

2. கையில் என்னென்ன வேண்டும்

அந்த ஆண்டின் அறிவிக்கையை முழுதாக ஒருமுறை படியுங்கள். தேர்வு முறை மாறியிருந்தால் அதில்தான் இருக்கும், யூடியூப் சிறுபடத்தில் அல்ல. இப்போது இந்தப் பணியை ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று அழைக்கிறார்கள். ‘கிளர்க்’ என்று தேடிவிட்டு அறிவிப்பே வரவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இலக்கணப் புத்தகம் ஒன்று போதும். எது என்பதை விட, பயிற்சிக் கேள்விகளுக்குக் காரணத்தோடு விடை தருகிறதா என்பதைப் பாருங்கள். வெறும் விடைப்பட்டியல் உள்ள புத்தகத்தால் பயனில்லை. கூடவே ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ், ஒரு நோட்டு, நிமிடம் காட்டும் கடிகாரம்.

வாரம் ஒருமுறையாவது கணினியில் உட்கார வழி செய்யுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர், கல்லூரி லேப், எதுவானாலும் சரி. தேர்வு மையத்தில் மவுஸும் பெரிய திரையும்தான் இருக்கும். செல்போனில் விரலால் தள்ளிப் படித்தே பழகியவர்களுக்கு அங்கே கண் அலைபாயும்.

3. படிக்கும் முன்பே ஒரு தேர்வு எழுதுங்கள்

‘ஒன்றும் படிக்காமல் எழுதி என்ன பயன்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். எதைப் படிக்க வேண்டும் என்று தெரியத்தான்.

ஒரு பழைய தாளை எடுத்து 20 நிமிடத்தில் எழுதுங்கள். மணி அடித்ததும் நிறுத்துங்கள். விடையைப் பார்க்காமல் அதே தாளை வேறு நிற மையில், நேரக் கணக்கு இல்லாமல் மறுபடி எழுதுங்கள். பிறகு திருத்துங்கள். கேள்விகள் மூன்று குவியலாகப் பிரியும்.

இரண்டு முறையும் தவறானவை: தெரியாதவை. இவற்றுக்குப் படிப்பு வேண்டும். முதல்முறை தவறி இரண்டாம்முறை சரியானவை: தெரியும், ஆனால் வேகம் போதவில்லை. இவற்றுக்குப் பயிற்சி வேண்டும். இரண்டு முறையும் சரி, ஆனால் ஏன் சரி என்று சொல்லத் தெரியாதவை: அதிர்ஷ்டம். இவற்றையும் தெரியாதவற்றோடு சேருங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். அவர்கள் இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குவது, கண்ணாடி வேண்டியவர் விளக்கை மாற்றுவது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. ஐபிபிஎஸ் வினாத்தாளை வெளியிடுவதில்லை. சந்தையில் கிடைப்பவை தேர்வு எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னவை. கேள்வி வகை தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் வாக்கியங்களிலும் விடைகளிலும் பிழை இருக்கும். இலக்கணப் பயிற்சிக்கு, ஆணையமே விடைக்குறிப்பு வெளியிடும் எஸ்எஸ்சி தாள்களை நம்பலாம்.

4. வாசிப்பு: முதல் நாளிலிருந்து, கடைசி நாள் வரை

பத்தி வாசிப்பு, க்ளோஸ் டெஸ்ட் (பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது), பாரா ஜம்பிள் (கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது) மூன்றும் சேர்ந்தால் தாளில் பாதிக்கு மேல் வந்துவிடும். மூன்றும் அளப்பது ஒன்றைத்தான்: ஆங்கிலப் பத்தியை ஓட்டமாகப் படித்துப் பொருள் பிடிக்க முடிகிறதா? இது ஒரு மாதத்தில் வரும் திறமை அல்ல. அதனால்தான் இதை முதலில் தொடங்கச் சொல்கிறேன்.

எல்லாக் கோச்சிங் சென்டரிலும் முதல் நாளே ‘தி இந்து எடிட்டோரியல் படி’ என்பார்கள். தமிழ்வழியில் வந்தவருக்கு இது தவறான தொடக்கம். தலையங்கத்தில் விஷயமும் புதிது, வார்த்தையும் புதிது, வாக்கியமும் நீளம். நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஐந்தாம் நாள் விட்டுவிடுவார்கள்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு செய்தியை முதலில் தமிழ் நாளிதழில் படியுங்கள். பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் வாக்கியத்தில் நிற்கும். தெரியாத வார்த்தையின் பொருளைச் சூழலே காட்டிக்கொடுக்கும்.

வங்கித் தேர்வுக்கு மிகப் பொருத்தமான செய்தி ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கை அறிவிப்பு. ஆறு பேர் கொண்ட குழு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி) முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சொற்களில்தான் செய்தி வரும். பழைய அறிவிப்புச் செய்திகள் மூன்றை இணையத்தில் எடுத்து அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்; மூன்றாவது பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

படிக்கும் முறையும் முக்கியம். வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ப்படுத்தாதீர்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும் என்பதால், ஆங்கில வாக்கியத்தையும் கடைசி வரை ஓடிவிட்டுத்தான் பொருள் தேடுகிறோம். அங்கேதான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யார், என்ன செய்தார்’ இரண்டையும் முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் ஒட்டு. ஒரு பத்தி முடிந்ததும் அதை மறைத்துவிட்டு, ஒரே வரியில் தமிழில் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் கண்தான் ஓடியிருக்கிறது.

இரண்டாம் மாதத்தில் பொருளாதாரப் பக்கக் கட்டுரைகள். தலையங்கம் மூன்றாம் மாதம்.

5. இலக்கணம்: நாம் சறுக்கும் இடங்களிலிருந்து

புத்தகத்தின் முதல் பாடம் பெரும்பாலும் பெயர்ச்சொல் வகைகள். அதைப் படித்து எந்தக் கேள்விக்கும் விடை வராது. தமிழ் பேசுபவருக்கு எது இடறுகிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது எழுவாய்–வினை ஒற்றுமை. ‘தேர்வானவர்களின் பட்டியல் வெளியானது’ என்பதில் ‘பட்டியல்’ வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. யாரும் தவறு செய்ய மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ்’ என்று தலைச்சொல் முன்னால் போய்விடுகிறது. வினைக்குப் பக்கத்தில் நிற்பது பன்மையான ‘கேண்டிடேட்ஸ்’. அடுத்து ‘வேர்’ என்று இருந்தால் காதுக்குச் சரியாகவே ஒலிக்கும். ‘வாஸ்’ தான் சரி. கேள்வி தயாரிப்பவர் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வேண்டுமென்றே இப்படி ஒரு வால் சேர்ப்பார். ‘ஆஃப்’, ‘வித்’, ‘அலாங் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ என்று தொடங்கும் வாலை மனத்துக்குள் அடைப்புக்குறி போட்டு மூடிவிட்டு வினையைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் எரர் கேள்விகளில் (வாக்கியத்தில் பிழை கண்டுபிடிப்பவை) கணிசமானவற்றைத் தீர்க்கும்.

இதோடு சேர்த்து: ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் பெயர் பன்மை, வினை ஒருமை. ‘எ நம்பர் ஆஃப்’ பன்மை வினை. ‘தி நம்பர் ஆஃப்’ ஒருமை வினை. ‘நைதர்–நார்’ வந்தால் வினைக்கு அருகிலுள்ள எழுவாயைப் பாருங்கள்.

இரண்டாவது முன்னிடைச்சொல் (ப்ரிபோசிஷன்). ‘மேஜையில்’, ‘திங்கட்கிழமையில்’, ‘சென்னையில்’ எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலம் ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ என்று பிரிக்கும். இதற்கு விதி படிப்பதை விட வினையோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுவது மேல். நாம் தமிழ்ப் பழக்கத்தில் கூடுதலாகச் சேர்ப்பவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்: ‘பற்றி விவாதித்தோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறோம், அங்கே ‘அபவுட்’ கூடாது. ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ கூடாது. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘சூப்பீரியர்’, ‘ஜூனியர்’, ‘ப்ரிஃபர்’ ஆகியவற்றுக்குப் பின் ‘தேன்’ அல்ல, ‘டு’.

மூன்றாவது காலம். நம் பேச்சு ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலத்துக்கும் ‘ஹேட்’ போட்டுவிடுகிறோம். ‘ஹேட்’ வர வேண்டுமென்றால் கடந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சி இருக்க வேண்டும், முந்தையதுக்கே அது. ‘யெஸ்டர்டே’ போன்ற முடிந்துபோன காலச்சொல் இருந்தால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வராது. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’.

நான்காவது ஜோடிகள். ‘ஆல்தோ’ வந்த வாக்கியத்தில் மறுபடி ‘பட்’ வராது. ‘நோ சூனர்’ என்றால் ‘தேன்’; ‘ஹார்ட்லி’ என்றால் ‘வென்’. இவை மனப்பாடம்தான், ஒரு மாலையில் முடியும். ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’ போன்றவற்றோடு பன்மை ‘எஸ்’ ஒட்டாது என்பதையும் அதே மாலையில் முடித்துவிடுங்கள்.

‘எ’, ‘ஆன்’, ‘தி’ பற்றி நீண்ட பாடம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அதற்கு அதிக நேரம் தராதீர்கள்; வாசிப்பே சரிசெய்யும்.

எரர் கேள்வியைப் பார்க்கும் வரிசையை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: வினை, அதன் எழுவாய், காலம், பிரதிப்பெயர், முன்னிடைச்சொல், ஜோடி. வரிசை இல்லாமல் ‘எங்கோ உதைக்கிறதே’ என்று திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கு 40 விநாடி பத்தவே பத்தாது. வரிசை முழுவதும் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் ‘நோ எரர்’ என்று துணிந்து போடுங்கள். பிழை இருந்தே ஆக வேண்டும் என்ற நினைப்பில், சரியான வாக்கியத்தில் பிழை கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

6. சொற்கள்

நாளுக்கு ஐம்பது சொல் என்று பட்டியல் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தத் தேர்வில் ‘இந்தச் சொல்லின் பொருள் என்ன’ என்று நேராகக் கேட்பது குறைவு. எந்தச் சொல்லோடு எது சேரும் என்றுதான் கேட்கிறார்கள். ‘டிசிஷன்’ என்றால் ‘மேக்’. ‘ரிஸ்க்’ என்றால் ‘டேக்’. பொருள் மட்டும் தெரிந்தவர் க்ளோஸ் டெஸ்டில் இரண்டு விடைக்கு நடுவே மாட்டிக்கொள்வார்.

அன்றைய வாசிப்பிலிருந்து ஏழெட்டுச் சொல் மட்டும் எடுங்கள். சொல், அது வந்த வாக்கியம், கூட நின்ற சொல், எதிர்ச்சொல், இவ்வளவும் நோட்டில். மறுநாள் ஒருமுறை, அடுத்த ஞாயிறு ஒருமுறை வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்லை நினைவுகூருங்கள்.

7. ஒவ்வொரு கேள்வி வகைக்கும் ஒரு வழி

பத்தி வாசிப்பு: முழுதாக ஒருமுறை படித்த பிறகே கேள்விக்குப் போங்கள். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்தியில் தேடும் முறை சிலருக்குப் பலிக்கும். மெதுவாகப் படிப்பவர் அதில் ஒரே வரியை நான்கு முறை படிக்க நேரும். வங்கித் தேர்வு மாணவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. பத்தி பணவீக்கம் பற்றியது என்றால், உங்கள் பொது அறிவுப்படி சரியான, ஆனால் பத்தியில் இல்லாத ஒரு விடை நிச்சயம் இருக்கும். பத்தி சொல்லாதது தவறு. ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ உள்ள விடைகளைச் சந்தேகப்படுங்கள்.

க்ளோஸ் டெஸ்ட்: எதையும் நிரப்பாமல் ஒருமுறை கடைசி வரை படியுங்கள். இரண்டாவது இடத்துக்கான துப்பு பல நேரம் நான்காவது வாக்கியத்தில் இருக்கும். பிறகு இலக்கணமே முடிவு செய்யும் இடங்களை முதலில் நிரப்புங்கள்; பொருள் பார்க்க வேண்டியவை அப்புறம்.

சொல் இடமாற்றம் (வாக்கியத்தில் இடம் மாறிக் கிடக்கும் சொற்களைச் சரியான இடத்தில் வைப்பது): தடித்த எழுத்துச் சொற்களில் எது பெயர்ச்சொல், எது வினை, எது பெயரடை என்று பாருங்கள். வினை இருக்க வேண்டிய இடத்தில் பெயர் உட்கார்ந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

பாரா ஜம்பிள்: முதல் வாக்கியத்தைத் தேடுவதில் நேரத்தை விடாதீர்கள். பிரிக்க முடியாத ஒரு ஜோடியைத் தேடுங்கள். ஒன்றில் ‘எ கமிட்டி’ என்றும் இன்னொன்றில் ‘தி கமிட்டி’ என்றும் இருந்தால் எது முன்னால் என்பது தெரிந்துவிடும். ‘திஸ்’, ‘சச்’, ‘ஹவெவர்’ உள்ள வாக்கியம் அநேகமாக முதலில் வராது. ‘மூன்றாவது எது, கடைசி எது’ என்று ஒரே ஜம்பிளில் ஐந்து கேள்வி வந்தால், ஒரு வாக்கியம் இடம் மாறினாலே மூன்று நான்கு விடை சரியும். அதனால் இதைக் கடைசிக்கு வையுங்கள்.

8. இருபது நிமிடத்தைப் பங்கிடுதல்

எரர், நிரப்பு, சொல் இடமாற்றம் போன்ற ஒற்றைக் கேள்விகள் முதல் 6 நிமிடம். க்ளோஸ் டெஸ்ட் 3 நிமிடம். பத்தி வாசிப்பு 8 நிமிடம். மிச்சம் 3 நிமிடம் ஜம்பிளுக்கும் விட்டவற்றுக்கும். திரையில் பத்தி முதலில் வந்தாலும் தாண்டிப் போங்கள். முதல் கேள்வியே நீளமான பத்தி என்றால் பதற்றத்தில் பன்னிரண்டு நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். எளிதான பத்துக் கேள்வி பார்க்கப்படாமலே போகும்.

பொத்தான்களில் இரண்டு விஷயம். விடையைத் தொட்டுவிட்டு ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்தாமல், வலப்பக்க எண்ணை அழுத்தி வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. விடை கொடுத்து ‘மார்க் ஃபார் ரிவியூ’ போட்டது மதிப்பீட்டில் சேரும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று எதையாவது தொட்டு வைத்தால் கால் மதிப்பெண் போக வாய்ப்புண்டு. சந்தேகமானால் விடை கொடுக்காமல் மார்க் செய்யுங்கள்.

9. மாக் டெஸ்ட்

முதல் மாதம் ஒன்றிரண்டு போதும். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒன்று, மூன்றாம் மாதம் இரண்டு, கடைசி மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரே நிறுவனத்தின் தொடரில் நில்லுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் தாளின் கடினம் வேறு. மாற்றி மாற்றி எழுதினால் மதிப்பெண் ஏறியது நீங்களா தாளா என்று தெரியாது.

20 நிமிடத் தேர்வுக்கு 40 நிமிடமாவது அலசல் வேண்டும். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நான் போட்டது, ஏன் அப்படிப் போட்டேன், சரியானது, அதற்கான விதி. இரண்டாவதைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். உண்மையில் அதுதான் பாடம். ‘வாலைப் பார்த்து ஏமாந்தேன்’ என்று மூன்று முறை எழுதிவிட்டால் நான்காவது முறை கை தானாக நிற்கும்.

எத்தனை தொட்டீர்கள் என்று பெருமைப்படாதீர்கள். 24 தொட்டு 14 சரி என்றால் பத்துத் தவறுக்கு 2.5 கழிந்து 11.5. 17 தொட்டு 15 சரி என்றால் 14.5. தொடுவது குறைந்து மதிப்பெண் ஏறும் கட்டம் ஒன்று வரும். அதைப் பின்னடைவு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

10. கடைசி வாரமும் தேர்வு நாளும்

புதிய சொல், புதிய விதி எதுவும் வேண்டாம். நான்கு கட்டம் போட்ட அந்த நோட்டை மட்டும் புரட்டுங்கள். வாசிப்பை நிறுத்தாதீர்கள், நான்கு நாள் விட்டாலே வேகம் இறங்கும். தேர்வன்று காலையும் ஒரு செய்தியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அனுமதிச் சீட்டு, அசல் அடையாள அட்டை, அதன் நகல், புகைப்படம் ஆகியவற்றை முந்தைய இரவே ஒரே கவரில் வையுங்கள். அடையாள அட்டையிலுள்ள பெயர் அனுமதிச் சீட்டிலுள்ளதோடு பொருந்த வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதும் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான், விண்ணப்பிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முதல்நிலை முடிந்த மறுநாளே பிரதானத் தேர்வுக்கான வாசிப்பைத் தொடருங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் கையில் மிஞ்சுவது சில வாரங்களே. வேலையைத் தீர்மானிப்பது பிரதானத் தேர்வு மதிப்பெண்தான். அதில் பத்திகள் இன்னும் நீளம்.